தந்தியில் நடந்த கல்யாணம்

ஆகஸ்ட் 9, 1943

பாட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏரியல் கம்பியைப் பனைமரத்திலிருந்து இறக்கி, உப்புப் பூத்த இடங்களைச் சுரண்டி மறுபடி கட்டினேன். மாலை ஆறரைக்குப் பினாங்கைக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது.

இந்த நோட்டு ஹவில்தார் மாசிலாமணி கொடுத்தது. "மோட்டுவளையப் பாத்துக்னு குந்தியிருக்கறதுக்கு எதுனா எழுது. நான் படிக்க மாட்டேன். என் பொண்டாட்டி கடுதாசியப் படிக்கவே எனக்குப் பயமா இருக்குது" என்றார்.

இன்றைக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11

முறையாக எழுதுகிறேன்.

பெயர் கனகசபை. வயது இருபத்தேழு. பினாங்குத் தந்தி ஆபீசில் ஆறு வருஷம் வேலை. ஜப்பான்காரன் ஊரைப் பிடித்த பிறகு அவன் நடத்திய ஒற்றர் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். போன மாசி மாதம் நீர்மூழ்கிக் கப்பலில் கொண்டுவந்து, கோடியக்கரைக்குப் பக்கத்தில் ரப்பர் படகில் இறக்கிவிட்டார்கள். மதராசில் தங்கி, வெள்ளைக்காரன் படை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக் கம்பியில்லாத் தந்தியில் சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

நான் கரையேறி, வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு, விடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பெட்டியை மேஜைமேல் வைத்தேன். அங்கிருந்த ஏட்டு, "ரிப்பேருன்னா பஜார்ல கடை இருக்கு, இங்க எதுக்குத் தூக்கிட்டு வர்ற" என்றார்.

இப்போது பல்லாவரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் இருக்கிறேன். பினாங்குக்காரர்கள் நான் மதராசில் சுதந்திரமாகத் திரிந்து ஒற்று வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அனுப்புவதெல்லாம் இங்கே என்னை வைத்திருக்கும் வெள்ளைக்கார உளவு அதிகாரி பெல்டன் துரை எழுதிக்கொடுப்பது.

ஏன் நீயாக வந்து சரணடைந்தாய் என்று துரை பலமுறை கேட்டுவிட்டார். தெரியவில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

ஆகஸ்ட் 14

துரை ஒரு படையை உண்டாக்கியிருக்கிறார். அதற்குக் கரடி முத்திரை. லாரிகளில் கரடிப் படம் பார்த்தேன், சிப்பாய்கள் தோளில் கரடி பார்த்தேன், துறைமுகத்தில் தட்டையான படகுகள் வந்து இறங்கின என்று வாரம் மூன்று முறை அனுப்புகிறேன். அப்படி ஒரு படையே கிடையாது. இல்லாத படைக்குப் பயந்து அவர்கள் அந்தமானில் ஆட்களைக் குவிக்க வேண்டும், அந்த ஆட்கள் பர்மாவுக்குப் போகக்கூடாது. இதுதான் கணக்கு.

பள்ளியில் ஒரு ஏற்பாடு சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சங்கேத எழுத்தில் போகும் ஒவ்வொரு செய்தியிலும் மூன்றாவது எழுத்துத் தொகுதியில் வேண்டுமென்றே ஒரு தப்பு செய்ய வேண்டும். தப்பு இருந்தால் சுகமாக இருக்கிறேன். இல்லாவிட்டால் பிடிபட்டுவிட்டேன். இதையும் முதல் நாளே துரையிடம் சொல்லிவிட்டேன். நான் தட்டும்போது மாசிலாமணி பக்கத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தப்பு விழுகிறதா என்று பார்ப்பார்.

ஆகஸ்ட் 19

மாசிலாமணி இன்று பினாங்கிலிருந்து வந்த செய்தியைக் கேட்டுக்கொண்டே சொன்னார்:

"இன்னாபா இது, அந்தப் பக்கத்து ஆளு கை பொம்பள கை மாதிரி கீது? ஒவ்வொரு எழுத்து முடியறப்பவும் இழுக்கறான் பாரு. கோலம் போட்டு முடிக்கற மாதிரி."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை" என்றேன்.

"உனக்குத் தெரிஞ்சவனா?"

"இல்லை."

தெரிந்தவன்தான். செல்வமுத்து. என் மனைவியின் தம்பி.

நான் ராத்திரி ஷிப்ட் போய்விடுவேன் என்று அவள் விளையாட்டாகத் தந்தி தட்டக் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அவள். கடைசிக் கோட்டை இழுக்காதே, வேகம் குறையும் என்று நூறு முறை சொல்லியிருப்பேன். "நின்னு போனா என்ன, தந்திக்குக் காலா வலிக்குது" என்பாள். அவளிடமிருந்து அந்த இழுப்பு அவனுக்கு வந்துவிட்டது.

மாலை ஆறரைக்கு அவன் கூப்பிடும்போது முதலில் என் குறியெழுத்து வரும். பிறகு அந்த இழுப்பு.

துரைக்கு இது தெரியாது. தெரிந்தால் அதை வைத்து ஏதாவது செய்வார்.

ஆகஸ்ட் 20

மழை. பெட்டிக்குள் ஈரம். உலர்த்தினேன்.

ஆகஸ்ட் 26

மெஸ்ஸில் அரிசி பாதி, கோதுமை பாதி. மாசிலாமணி கோதுமையைப் பொறுக்கித் தனியாக ஒதுக்கினார். அதைச் செய்ய அரை மணி நேரம் ஆயிற்று. ஒதுக்கி முடித்துவிட்டு அதையும் தின்றார்.

"கல்யாணம் ஆச்சா உனக்கு?" என்று கேட்டார்.

"ஆச்சு. செத்துப்போயிட்டாங்க."

"எப்படி?"

"குண்டு."

அவர் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார்.

பினாங்கில் அதற்கு முன் யாரும் குண்டு வீச்சைப் பார்த்ததில்லை. விமானங்கள் வரிசையாக வந்ததும் வேடிக்கை பார்க்க எல்லோரும் தெருவுக்கு வந்தார்கள். அவளும் வந்தாள். நான் ஆபீசில் இருந்தேன். நல்ல நெரிசல் அன்றைக்கு, ஏகப்பட்ட தந்தி. செல்வமுத்து வந்து தோளைத் தொட்டபோதும் கையிலிருந்ததை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த விமானக்காரர்களிடமே போய்ப் படித்தேன். எனக்குச் சோறு வேண்டும் என்றோ சுதந்திரம் வேண்டும் என்றோ இல்லை. வா என்றார்கள், போனேன். செல்வமுத்து அப்படியில்லை. அவன் நாட்டுக்காகச் சேர்ந்தான். "அக்காவக் கொன்னது சண்டை அத்தான். சண்டை முடியணும்னா வெள்ளைக்காரன் போகணும்" என்பான்.

செப்டம்பர் 6

பினாங்கிலிருந்து செய்தி. மூன்று பேரை அனுப்பப்போகிறார்கள். அவர்கள் தங்க மதராசில் பத்திரமான வீடு பார்க்க வேண்டுமாம்.

துரைக்குச் சந்தோஷம். மூன்று பேரையும் கரையிலேயே பிடித்து, தந்திக்காரன் ஒத்துழைத்தால் என்னை வைத்து நடத்துவது போல இரண்டாவது பொய்க்கடை திறக்கலாம். ஒத்துழைக்காதவனுக்குக் கோர்ட், பிறகு தூக்கு. சட்டம் அப்படி.

மூன்று பேரில் ஒருவன் தந்திக்காரனாக இருப்பான். பள்ளியில் இப்போது பாக்கி இருக்கும் தந்திக்காரர்கள் இரண்டே பேர். சிங்காரம், செல்வமுத்து.

செப்டம்பர் 8

பெல்டன் துரை பதினைந்து வருஷம் வால்பாறையில் தேயிலைத் தோட்டம் பார்த்தவர். அங்கே கற்றுக்கொண்ட தமிழ். யாராயிருந்தாலும் 'நீ'தான்.

"நீ ஒண்டிக்கட்டை. ஒண்டிக்கட்டைக்கு மூணு ஆள் தங்கற வூடு எவன் குடுப்பான்? ஜப்பான்காரன் கேப்பான். நீ என்ன சொல்லுவே?"

"தெரியலைங்க."

"கல்யாணம் கட்டிட்டேன்னு சொல்லு. மாமனார் வூடு. மாடி காலியா இருக்கு. நல்லா இருக்கா?"

மாசிலாமணி சிரித்துவிட்டார். "மேளம் கிடையாது, பந்தி கிடையாது, மாமியார் கிடையாது. எனக்கு இந்த மாதிரி ஒண்ணு அமையலியே, சார்."

"பொண்ணு எந்த ஊரு, மாமனாருக்கு என்னா வேலை, எல்லாம் நீயே எழுதிட்டு வா" என்றார் துரை என்னைப் பார்த்து. "தமிழ் வூட்டுக் கல்யாணம் எனக்கு முழுசாத் தெரியாது. நம்பற மாதிரி இருக்கணும்."

சரி என்றேன்.

செப்டம்பர் 10

இரண்டு நாளாக ஒன்றும் எழுதவில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செல்வமுத்து வராமல் தடுக்க, மூன்றாவது தொகுதியில் தப்பு செய்யாமல் அனுப்பலாம். மாசிலாமணிக்கு அந்த நொடியே தெரியும். மறுபடி தட்டச் சொல்வார்கள், பிறகு என்னையும் நம்ப மாட்டார்கள். துரையிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவன் பெயரைச் சொல்லியே கூப்பிட வைப்பார்.

காலையில் பாட்டரியைத் துடைக்கும்போது தோன்றியது. இந்தச் செய்தியின் சங்கேதத்தை உடைத்துப் படிக்கப்போவது யார்? அவன். கருமாதி முடிந்த வீட்டில் மாமியார் என்னிடம், "உங்களுக்கு வயசு இருக்கு மாப்பிள்ளை, நாங்களே பொண்ணு பாக்கறோம்" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனேன். தண்ணீர் மொண்டு ஊற்றியது அவன். என் முகத்தைப் பார்த்தவன். கனகசபை இன்னொருத்தியைக் கட்டினான் என்று உலகத்தில் யார் வேண்டுமானாலும் நம்பலாம். அவன் நம்ப மாட்டான். பொய் என்று தெரியும். பொய் சொல்கிறேன் என்றால் பிடிபட்டிருக்கிறேன் என்று தெரியும்.

துரை எழுதச் சொன்னதே எச்சரிக்கை. நான் ஒன்றும் சேர்க்க வேண்டாம், ஒன்றும் குறைக்க வேண்டாம்.

எழுதிவிட்டேன். 'ஆவணி முகூர்த்தத்தில் கல்யாணம் ஆயிற்று. மாமனார் ரயில்வே குமாஸ்தா. சைதாப்பேட்டையில் சொந்த வீடு. மாடி காலி. மூவர் தங்கலாம். கரைக்கு நானே வருகிறேன்.'

துரை படித்துவிட்டு, "பொண்ணு பேரு?" என்றார்.

"செய்தி நீளமாகிவிடும்" என்றேன்.

செப்டம்பர் 13

அனுப்பினேன். மூன்றாவது தொகுதியில் தப்பு செய்தேன். மாசிலாமணி தலையாட்டினார்.

அந்தப் பக்கம் இடி மழை போலிருக்கிறது. சில தொகுதிகள் கேட்கவில்லை என்று மறுபடி அனுப்பச் சொன்னான். எவை என்று பார்த்தேன். கல்யாணம் ஆயிற்று என்ற இடம். மறுபடி அனுப்பினேன். அவனுக்கு அப்போது அவை வெறும் எழுத்துகள்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 15

அவன் கைதான். 'செய்தி கிடைத்தது. மேலிடத்தில் யோசிக்கிறார்கள்.' அவ்வளவுதான். ஆனால் மெதுவாகத் தட்டினான். கடைசி எழுத்தை வழக்கத்தைவிட அதிகமாக இழுத்தான்.

புரிந்துகொண்டுவிட்டான்.

செப்டம்பர் 24

இன்று வேறு கை. சிங்காரமும் இல்லை. இயந்திரம் மாதிரி ஒரே சீராகத் தட்டுகிறான், யாரோ ஜப்பான் ஆள்.

"எங்க உன் சிநேகிதி? லீவுல பூட்டாளா?" என்றார் மாசிலாமணி.

அவனுக்குக் கோபம் வந்திருக்கும். நான் எதிரியிடம் போய் உட்கார்ந்துவிட்டேன் என்று தெரிந்தபின் என் தந்தியை வாங்க மாட்டேன் என்று எழுந்துபோயிருப்பான். நல்லது. மேலே சொல்லியிருந்தால் தொடர்பையே அறுத்திருப்பார்கள். சொல்லாமல் தான் மட்டும் விலகிக்கொண்டிருக்கிறான். எனக்காக விட்டிருக்கிறான்.

நல்லதுதான்.

செப்டம்பர் 25

ஆறரை மணி வந்தது, போயிற்று.

அக்டோபர் 11

பினாங்கு நாள் குறித்துவிட்டது. தீபாவளியை ஒட்டிய அமாவாசை இருட்டில், கோவளத்துக்குத் தெற்கே. மூன்று பேர். பெயர் சொல்லவில்லை, சொல்வது வழக்கமும் இல்லை.

தந்திக்காரனாக வருபவன் சிங்காரமாகத்தான் இருப்பான். பாவம் அவனும். நன்றாகப் புல்லாங்குழல் வாசிப்பான்.

ஏரியல் கம்பி புயலில் அறுந்தது. புதிது கட்டினோம். மாசிலாமணி பனையில் ஏறிப் பாதியில் பயந்து, "இறங்கறதுக்கு வேற வழி இருக்கா" என்று மேலிருந்து கேட்டார்.

அக்டோபர் 28

தீபாவளி. மெஸ்ஸில் ஆளுக்கு ஒரு லட்டு. யாரும் பட்டாசு வெடிக்கக்கூடாது என்று உத்தரவு. கரடிப் படை புதிதாக இருநூறு படகுகள் பெற்றுக்கொண்டதாக அனுப்பினேன்.

அக்டோபர் 30

காலையில் துரை கூப்பிட்டு அனுப்பினார். மூன்று பேரும் கரையிலேயே பிடிபட்டார்கள். பெயர் சொல்ல மறுக்கிறார்களாம். நான் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும்.

மேஜைமேல் அவர்கள் கொண்டுவந்தது பரப்பியிருந்தது. பெட்டி, கைத்துப்பாக்கிகள், விஷ மாத்திரை, ரூபாய் நோட்டு. ஓரத்தில் ஒரு பழைய பட்டுப்புடவை, அரக்கு நிறம். கரை முழுவதையும் யாரோ கத்தியால் பிரித்திருந்தார்கள்.

"இதுல என்னமோ ஒளிச்சிருக்கான்னு பார்த்தோம். ஒண்ணும் இல்ல. ஒத்தன் எதுக்குப் பொடவை கொண்டாறான்?" என்றார் துரை.

எனக்கும் தெரியவில்லை என்றேன்.

முதலில் ஒருவன், அடுத்து ஒருவன். இரண்டு பேரையும் பள்ளியில் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாகச் செல்வமுத்துவைக் கொண்டுவந்தார்கள். கன்னத்தில் மணல் காய்ந்திருந்தது. மெலிந்திருந்தான். துரை எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவனுக்குத் துரை அங்கே இருப்பதே மறந்துவிட்டது.

"அத்தான், உங்களையும் பிடிச்சிட்டாங்களா? எப்ப? கரையில ஆளக் காணோம்னதுமே நெனச்சேன்."

நான் துரையைப் பார்த்தேன்.

"அவங்கள ஒண்ணும் செய்யலையே? வீட்டுல இருக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு சொல்லுங்க அத்தான். புதுசா வந்தவங்க, அவங்க என்ன பாவம் பண்ணாங்க."

"யார்?" என்றேன்.

"என்ன அத்தான் யாருன்னு கேக்கறீங்க?" பிறகு மேஜையைப் பார்த்தான். "ஐயோ, கரையப் பிரிச்சிட்டாங்களா. அது அம்மா கல்யாணப் பொடவை. அங்க துணியே கெடைக்கல இல்ல. பொண்ணு பொறந்த வீட்டுலேர்ந்துதான தலை தீபாவளிக்கு வரணும். 'நம்ம பொண்ணு எடத்துக்கு வந்தவ, அவளும் நமக்குப் பொண்ணுதான், நாமதான் எடுக்கணும்'னு அம்மா ஒரே பிடிவாதம். தீபாவளிக்கே வந்திருக்கணும். கடல் சரியில்ல, ரெண்டு நாள் பிந்திட்டேன்."

"நீ ஏன் வந்தே?"

"சிங்காரத்தைத்தான் அனுப்ப இருந்தாங்க. நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அந்தச் சேதியப் படிச்சப்ப எனக்குக் கையே ஓடல அத்தான். நீங்க திரும்பவும் மனுசனா ஆயிட்டீங்கன்னு அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லக்கூடாதுதான். அம்மா அழுவுது, சிரிக்குது. அன்னிக்குத்தான் ஒரு தட்டு சோறு முழுசாச் சாப்பிட்டுச்சு."

துரை கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவருக்குப் புரியும்.

"அவங்க பேரு என்ன? தந்தியில அதச் சொல்லவே இல்லையே நீங்க."

பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு வருஷம் தந்தி ஆபீசில் எத்தனை பெண்களின் பெயரைத் தட்டியிருப்பேன். ஒன்றுகூட வரவில்லை.

"தையல்நாயகி" என்றேன்.

"அக்கா பேரேவா?" என்று சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. என் சட்டையைப் பார்த்தான், இஸ்திரி போட்ட சட்டை. காலில் செருப்பைப் பார்த்தான். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தான். தன் கை விலங்கைப் பார்த்தான்.

பிறகு துரையிடம் திரும்பி, "இவரு யாருன்னு எனக்குத் தெரியாது" என்றான்.

நவம்பர் 1

துரையிடம் எல்லாம் சொன்னேன். அவன் யார், என் மனைவி யார், எப்படிச் செத்தாள் எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்தக் கல்யாணத்தையே போட்டிருக்க மாட்டேன்."

"சொல்லியிருந்தா அவன வெச்சு வேற ஏதாவது எழுதியிருப்பீங்க."

"எழுதியிருப்பேன்" என்றார்.

தந்தி தட்ட ஒப்புக்கொண்டால் அவனைக் காப்பாற்றலாம் என்றார். போய்ச் சொல்லிப் பார் என்று அனுமதி கொடுத்தார். போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். உன்னை நிறுத்தத்தான் அதை அனுப்பினேன் என்றேன். நீ நம்ப மாட்டாய் என்று நினைத்தேன் என்றேன்.

நவம்பர் 2

மாசிலாமணி சொன்னார்: "சோறு துன்றான். தூங்கறான். தந்திக் கீயத் தொடச் சொன்னா மட்டும் கையப் பின்னாடி கட்டிக்கறான். கோர்ட்டுக்குத்தான் அனுப்பப் போறாங்க. நானும் சொல்லிப் பார்த்தேன் கனகு. உன் வயசுல எனக்கு ஒரு தம்பி கீறான்னேன். 'அவன பத்திரமாப் பாத்துக்கோங்க அண்ணே'ன்றான்."

எழுந்து போகும்போது, "ஒண்ணே ஒண்ணு கேட்டான். அம்மாவுக்குச் சேதி எதுனா போவுமான்னு" என்றார்.

நவம்பர் 3

மாலை ஆறரைக்குப் பினாங்கைக் கூப்பிட்டேன்.

'மூவரும் பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். சைதாப்பேட்டை மாடியில் தங்கியிருக்கிறார்கள்.' அடுத்த வரி துரை சேர்த்தது, நம்பும்படி இருக்கும் என்று: 'புடவை கிடைத்தது.'

அதற்குப் பிறகு ஒரு வரி எழுதிக்கொடுத்ததில் இல்லை. 'கட்டிக்கொண்டாள். பொருத்தமாக இருக்கிறது.' மாசிலாமணி காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

வழக்கு எப்படி முடிந்தாலும் செய்தி நிற்கக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். வாரம் மூன்று முறை செல்வமுத்து மாடியில் சுகமாக இருக்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் இருக்க வேண்டும். அடுத்த செய்திக்கு வீட்டு விவரம் ஏதாவது கேட்டார். எழுதிக்கொடுத்திருக்கிறேன். தையல்நாயகி தினமும் அவனுக்குச் சமைத்துப் போடுகிறாள். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறான்.